பிடி அரிசி தின்ன சேவல்

சலசலன்னு ஒரு சத்தம்மா அது. பஸ்ஸு ஆட்டத்துல இந்தப் பை குலுங்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கியளே, அந்தச் சத்தத்தத்தான் சொல்லுதேன். உள்ள தகர டப்பா. டப்பாவுல அரிசி விழுத சத்தம் எனக்கு அஞ்சு வயசுல இருந்து காதுல கெடக்கு. மழை மாதிரின்னு சொல்லலாம். ஆனா மழையை யாரும் காதை வச்சு, இன்னும் விழுதா, நின்னுட்டான்னு கேக்க மாட்டாவ பாத்துக்கிடுங்க.

மேலகரம் வந்தா ஒரு குரல் குடுங்க, என்ன? இராமலட்சுமின்னுதானே சொன்னிய? குற்றாலத்துக்கா? எண்ணெய்ப் பாக்கெட்டைப் பாத்ததுமே நெனைச்சேன். நல்லாக் குளிங்க. சாரல் விடாம அடிக்கி.

அரிசி எதுக்கா? எங்க கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. ஆமா, சர்ச்சை நாங்களும் கோயில்னுதான் சொல்லுவோம், வேதக் கோயிலு. ஒலையில போடுததுக்கு முன்னால ஒரு பிடி அரிசியைத் தனியா டப்பாவுல போட்டுருவோம். மாசக் கடைசியில கொண்டு போயி கோயில் சாக்குல தட்டணும். புருசன் இல்லாதவ, முடியாம கெடக்கவன்னு பதினாலு வீட்டுக்கு அது போவும். ஒருத்தி பொன்னி போடுவா, ஒருத்தி பச்சரிசி, ஒருத்தி ரேஷன் அரிசி. எனக்குச் சர்க்கரை வியாதி. செங்கோட்டையில வாங்குத மலையாளத்துச் செவப்பு அரிசிதான் பொங்குவேன். சாக்கைத் தொறந்தா என் பிடி மட்டும் செவேல்னு தனியாத் தெரியும்.

போன வருசம் அந்தப் பதினாலு வீட்டுக்கும் அரிசி போவல. கேட்டா, எலி தின்னுட்டுன்னு, சாக்கை வச்சிருந்த கோயில் செயலாளர் சொன்னாரு. ஒரு மாசம் எலி, ரெண்டு மாசம் எலி. எட்டு மாசமும் எலிதான். எப்பேர்ப்பட்ட வயிறு பாத்தியளா அதுக்கு!

அப்பம் மேலிடத்துல இருந்து பெரிய ஐயரு வந்தாவ. நாங்க பாதிரியாரை ஐயருன்னுதான் சொல்லுவோம். செயலாளர் வீட்டுல விருந்து. எனக்கும் அழைப்பு. நாட்டுக்கோழிக் கொழம்பு, சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு தரம் வாங்கித் தின்னேன். கை கழுவப் பொறவாசலுக்குப் போனா, அங்கன முப்பது கோழி நிக்கி. ஒவ்வொண்ணும் ஆட்டுக்குட்டி கணக்கா. இரை போட்ட தட்டுல பாக்கேன், பொன்னி கெடக்கு, பச்சரிசி கெடக்கு, ரேஷன் அரிசி கெடக்கு. நடுவுல செவேல்னு என் பிடி! கழுவுன கையை இன்னொரு தரம் கழுவினேம்மா.

ஏன் அப்பமே கேக்கலையா? கேட்டிருக்கணும். கேக்கல. நான் கல்யாணம் கட்டிக்கிடல. முப்பத்தொரு வருசம் தமிழ் டீச்சர். இந்த ஊர்ல நான் ஆசைப்படுதது ஆறடி எடம்தான். கல்லறைத் தோட்டத்துல, வேப்பமரத்தடியில, எங்கம்மா பக்கத்துல. அதுக்குச் செயலாளர் எழுதிக் குடுக்கணும். வாயைத் தொறந்தா எடம் போயிரும். அதனால ரெண்டு மாசம் ஊமை மாதிரி இருந்தேன்.

பொறவு அறுப்புப் பண்டிகை வந்துது. வாழைத்தார், பூசணிக்காய், கரும்பு எல்லாம் ஆல்டர் பீடத்து முன்னால அடுக்கி, ஆராதனை முடிஞ்சதும் ஏலம் போடுவாவ. செயலாளர் தன் பங்குக்கு ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டாந்து வச்சிருந்தாரு. எனக்குக் குரல் நல்லாருக்கும்னு வேதபாடம் வாசிக்கச் சொல்லுவாவ. அன்னைக்கு வெளைச்சலுக்கு நன்றி சொல்லுத சங்கீதம் ஒண்ணு எங்க ஊரு ஐயரு குறிச்சுக் குடுத்திருந்தாரு. கண்ணாடியை மாட்டினேன். சேவலைப் பாத்தேன். பக்கத்தைத் திருப்பி எசேக்கியேலை எடுத்துட்டேன்.

யாரா? எங்க பழைய தீர்க்கதரிசி. ஜனங்களுக்குப் பொறுப்பா இருந்தவங்களை மூஞ்சிக்கு நேரா ஏசுன ஆளு. மந்தையை மேய்க்கச் சொன்னா, நீங்க கொழுத்ததை அடிச்சுத் தின்னுட்டு நோஞ்சானைப் பட்டினி போட்டியளேன்னு கேப்பாரு. ஏசுததுல நம்ம தென்காசிச் சந்தையே தோத்துரும். நான் ஒரு எழுத்து விடாம, நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன். இத்துடன் பாடம் முடிந்ததுன்னு சொல்லி நான் புஸ்தகத்தை மூடவும், அந்தச் சேவல் நல்லா நெஞ்சை நிமித்தி ஒரு கூவு கூவிச்சு பாருங்க!

சிரிக்கியளா? அங்கனயும் அப்படித்தான். கடைசி பெஞ்சுல இருந்து ஜெபக்கனி எந்திரிச்சா. அரிசி வராத பதினாலுல அவளும் ஒருத்தி. செயலாளர் வீட்டுக் கோழி கொழுத்துக் கெடக்கது ஊருக்கே தெரியும். ஏ செயலாளரே, எலிக்கு எப்பம் றெக்கை மொளைச்சுதுன்னு கேட்டா. எங்க ஐயரே துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு. செயலாளர் மட்டும் சிரிக்கல. வாசப்படியில என்னை மறிச்சு, அந்த எடத்தை மறந்துருன்னு சொன்னாரு.

இல்ல, எடம் போவல. ஊரு எனக்காவக் கூடிட்டுல்லா. இப்பம் சாக்கு ஜெபக்கனி வீட்டுலதான் இருக்கு. மாசம் தவறாம பதினாலு வீட்டுக்கும் போவுது. எலி பாவம், பட்டினி. வேப்பமரத்தடியில அம்மாவுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு.

எவனுக்கா? செயலாளருக்குத்தான். வேதமாணிக்கம். என் தம்பி.

எங்கப்பா செத்தப்பம் எனக்கு அஞ்சு வயசு, அவனுக்கு மூணு. அந்தப் பதினாலு வீட்டுல ஒரு வீடு அப்பம் எங்க வீடும்மா. மாசக் கடைசியில கோயில்ல இருந்து வந்து டப்பாவுல தட்டுவாவ. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காதை வச்சுக்கிட்டு நிப்போம், இன்னும் விழுதான்னு. வாசப்படியில அதைத்தான் கேட்டேன். ஏலே, அந்தச் சத்தம் ஒனக்கு மறந்துட்டாலேன்னு. மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனான். இந்நா வரைக்கும் எங்கூடப் பேசல.

மேலகரமா? சரி, வாரேன். கம்பியைப் பிடிச்சுக்கிடுதேன், நீங்க இருங்க. கோழியெல்லாம் வித்துட்டான், பதவியை விட்டுட்டான், இங்கன தன் மக வீட்டு மாடியில இருக்கான். சர்க்கரை அவனுக்கும் வந்துட்டு. இப்பம் இந்த டப்பாவுல இருக்க செவப்பு அரிசிதான் தின்னுதான்.