இரண்டாவது கட்டை

மழைக்கு முந்தைய நாள் வெளிச்சம் முகங்களுக்கு மிகவும் நல்லது, இன்ஸ்பெக்டர் மேடம். வெயிலடித்தால் முகத்தில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டுவிடும். மேகம் மூடியிருந்தால் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மந்தைவெளியில் இருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அடையாறு கடலில் சேரும் இடத்திலுள்ள குப்பத்துக்குப் போனேன்.

பெயர் ஷ்ரவண், வயது நாற்பத்தொன்று, புகைப்படக்காரன் என்று எழுதிக்கொண்டீர்கள். என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவணப் படம் எடுப்பவன் எதையும் தொடக் கூடாது. இருப்பதை இருப்பது போலவே எடுக்க வேண்டும். நான் எடுப்பது சூழல் உருவப்படம். ஓர் ஆளை அவர் புழங்கும் இடத்தில் வைத்து, அந்த இடமும் அவரைப் பற்றிப் பேசும்படி எடுப்பது. இதில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லலாம், குறுக்கே நிற்கும் சாமானை ஒதுக்கலாம். தவறில்லை.

ஜெசிந்தாவை ஏழு மாதமாக எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் மீன் விற்று, மத்தியானம் அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்சுவரை ஒட்டிப் பாய் போட்டுப் படுப்பார். கணவர் இல்லை, கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஏஞ்சல் ஒரே பெண். போன வருட மழையில் அந்தச் சுவர் விரிசல் விட்டு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். முந்தைய வாரம் வீட்டுக்கு வந்தபோது அதில் ஒன்றை ஏஞ்சல் துணி காயப்போடும் கொடிக்காக எடுத்துப் போயிருந்தாள். மிச்சம் ஒன்றுதான்.

அந்த ஒன்று சட்டகத்தில் ஜெசிந்தாவின் முகத்துக்கும் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்துக்கும் நடுவே சாய்வாக நின்றது. எங்கே தள்ளி நின்று பார்த்தாலும் குறுக்கே வந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இன்னா சார், செவுரு வுழுந்துடாது?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா."

"எட்த்துக்கோ. போறப்ப மறக்காம வச்சுட்டுப் போ சார். என்னால ஒண்டியா தூக்க முடியாது."

எடுத்துப் பின்பக்கம், கொடிக்குக் கீழே போட்டேன். முப்பது படங்கள் எடுத்திருப்பேன். நடுவில் யாரோ கூப்பிட, அவர் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டார். வெளிச்சமும் குறைந்துவிட்டது. எடுத்ததைப் பார்த்தேன், நன்றாக இருந்தது, ஆனால் கண்ணில் ஒரு தயக்கம் தெரிந்தது. மறுநாள் இதே இடத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. கட்டையை மறுபடி முட்டுக் கொடுத்தால் சுண்ணாம்பில் புதிதாகத் தடம் விழும். மறுநாள் சுவர் இன்றிருப்பது போல இருக்காது. ஆகவே வைக்கவில்லை. அவர் இருட்டிய பிறகு திரும்பி, விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போயிருப்பார்; கட்டை இல்லாததைக் கவனித்திருக்க மாட்டார். மறந்துபோய்விட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது சரியல்ல.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி ஸ்ரீரஞ்சனி கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் படத்துல கட்டை இருக்கு, இதுல இல்லையே" என்றாள். ஒதுக்கினேன் என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"திரும்ப வெச்சுட்டியோன்னோ?"

"வெச்சாச்சு."

எங்கள் வீட்டில் இருந்து குப்பத்துக்குப் பதினைந்து நிமிடம்தான். அதைவிட, ஜெசிந்தாவின் எண் என் போனில் இருந்தது. பத்தரைக்கு ஒரு முறை கையில் எடுத்தேன். சொன்னால் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டி வந்து சுவரோடு சேர்த்து எதையாவது கட்டி வைத்துவிடுவார்கள், படம் போய்விடும். மழை விடும் என்று நினைத்து போனைக் கீழே வைத்தேன். பதினொன்றரைக்கும் எடுத்தேன். அப்போதும் வைத்துவிட்டேன். மழை விடவில்லை. அவர் மார்க்கெட்டில் இருந்து திரும்பும் நேரம் எனக்குத் தெரியும். படுக்கும் இடமும் தெரியும்.

ஒன்றேகாலுக்குச் சுவர் விழுந்தது. குப்பத்தில் இருந்து ஒருவர் போன் செய்தார். கேமராவை எடுத்துக்கொண்டுதான் போனேன்; அது பழக்கம். செங்கல்லை எல்லாம் அகற்றி அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

ஏஞ்சல் கல்லூரிப் பையோடு நனைந்துகொண்டே ஓடி வந்தாள். கொடிக்குக் கீழே கிடந்த கட்டையைப் பார்த்தாள், கொடியைத் தாங்கி நின்ற கட்டையையும் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் முந்தைய நாள் நடந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் ஒண்ணுதானே எட்த்தேன்? ரெண்டயும் எட்த்துட்டனா? நெனப்பே வரல சார்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் முகத்தை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. பின்னால் உடைந்த சுவர், மழை, திறந்த வீடு. ஏழு மாதம் தேடியது அந்த ஒரு நிமிடத்தில் எதிரே நின்றது.

"நீதான் அவசரத்துல எடுத்திருப்பம்மா" என்றேன். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து அவளைப் படம் எடுத்தேன்.

ஆழ்வார்பேட்டைக் கண்காட்சியில் அந்தப் படத்தை முதலில் மாட்டினார்கள். அடியில் ஆவணப் படம் என்று எழுதச் சொன்னேன். ஸ்ரீரஞ்சனி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். படத்தின் ஓரத்தில் தரையில் கிடந்தது அந்தக் கட்டை. வீட்டுக்கு வந்ததும் திங்கட்கிழமைப் படங்களை எல்லாம் பென் டிரைவில் போட்டு உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கட்டையை எடுத்தபோது சுவர் அசைந்ததா என்று கேட்டீர்கள். அசைந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து என் ஷூவில் விழுந்தது. நிற்காது என்று அப்போதே தெரிந்தது. அதனால்தான் படங்களை வேகமாக எடுத்தேன். ஜெசிந்தாவைக் கொன்றது நான்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், வஜீஹா மேடம். ஏஞ்சலுக்கு இதைத் தெரிவிக்க வேண்டாம். தன் கையால்தான் நடந்தது என்று நம்பி, நான்கு மாதமாக மனதைத் தேற்றிக்கொண்டு, இப்போதுதான் அழாமல் இருக்கிறாள். அவள் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.