சாயம் பூசிய குஞ்சுகள்

பருந்து மாதத்துக்கு ஒரு வகைத் தீனி தேடும் என்று எனக்கு முதலில் உறைத்தது, ஒரு சித்திரை மாதம் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் காலிக் கூடையை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தபடி சலிப்போடு சொன்னார்:

“சாயம் பூசியும் குஞ்சைப் பொறுக்கிப் பொறுக்கித் தூக்கீட்டுப் போகுது அம்மிணி.”

“சாயம் பூசினா பருந்து பயந்துக்கும்னு சொல்லுவாங்களேக்கா?”

“நானும் அதை நம்பித்தான் பத்துக் குஞ்சுக்கும் பாய்க்குப் போடற ரோஸ் சாயத்தைப் பூசி உட்டேன். இப்ப ரெண்டுதான் மிச்சம். ஐப்பசில மக பிரசவத்துக்கு வர்றா. கோழிச் சாறு வெச்சுக் குடுக்க இதுகளைத்தான் நம்பியிருந்தேன்.”

“சித்திரையில போயி குஞ்சு பொரிக்க உட்டீங்களேக்கா! அறுப்பு முடிஞ்சப்ப பருந்துக்கு வயல்ல எலி கெடைச்சுது. மழை பெஞ்சா தவளை, நண்டு கெடைக்கும். காஞ்சு கெடக்கிற வயல்ல இப்ப என்னத்தைத் திங்கும்? அதோட கூட்டுலயும் குஞ்சு வாயைப் பொளந்துட்டு இருக்குமுங்க.”

“அதுக்கும் புள்ளை, எனக்கும் புள்ளை. என்ன பண்ண?”

பஸ் வரவில்லை. மூத்தவர் கூடையைக் கை மாற்றிக்கொண்டார்.

“ஆடியில மறுக்கா அடை வெய்யுங்க.”

“ஆடியில வெச்சா ஐப்பசிக்கு ஒரு கை அளவுகூட வளராது. இருக்கிற ரெண்டையும் ஊட்டுக்குள்ளயே வெச்சு வளத்திப் பாக்கறேன்.”

“ஊடு நாறிப் போகுமேக்கா!”

“நாறட்டும். மழை பெஞ்சு தவளை கத்தற வரைக்கும்தானே.”