யானைக்குப் பற்றுச்சீட்டு தேவையில்லை

நாட்டுக்குச் சோறு போடுகிறவனே நாட்டின் உண்மையான காவலன். தம்பலகாமத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, சோற்றுப் பார்சல் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் சனம் கேட்டது. இராசநாயகம் என்ற என் பெயருக்கு முன்னால் தலைவர் என்று சேர்ந்து பதினொரு வருடம். ஐயா, என் வாக்குமூலத்தை நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள். நான் ஒன்றையும் ஒளிக்கப்போவதில்லை.

பெரும்போக நெல் விதைப்புக்கு உர மானியம் வங்கியில் விழுந்தது. மற்றவர்கள் உரம் வாங்கினார்கள். நான், மானியத்தைத் தொடக்கிவைக்க வந்த பெரியவருக்கு வரவேற்பு வளைவு கட்டினேன், பொன்னாடை எடுத்தேன். மிச்சத்துக்கு எனக்கொரு பட்டு வேட்டி. தலைவன் பழைய சாரத்தோடு நின்றால் மானியத்துக்கே மரியாதை இல்லை.

பயிருக்கு இந்த நியாயம் விளங்கவில்லை. மூன்று ஏக்கரும் வெளிறி, அறக்கொட்டிப் பூச்சி விழுந்து, வைக்கோல் நிறத்தில் நின்றது. பூச்சிக்கு நட்டஈடு கேட்டால் உரமும் மருந்தும் வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டவேண்டும். யானை மிதித்தால் அதெல்லாம் கேட்கமாட்டார்கள்.

யானை வேலியின் மின்பெட்டிப் பூட்டுக்குத் திறப்பு தலைவரிடம்தான் இருக்கும். திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தினேன். என் வயலுக்கு மட்டும் நிறுத்த வசதி இல்லை. இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். நான் கொடுமைக்காரன் அல்ல.

மறுநாள் பின்னேரம் பக்கத்து வயல் சசிகரன் சைக்கிளில் வந்தான். அவனுடைய கதிர் தலை சாய்ந்து நின்றது. பத்து நாளில் வெட்டு.

"தலைவர், வேலியில கரண்ட் இல்லை. தொட்டுப் பாத்தனான்."

"தொட்டுப் பாக்கிறதுக்கு உமக்கென்ன விசரே?"

"உங்களிட்டக் கேட்டா கூட்டமெல்லோ வைப்பீங்கள்."

"பற்றரி மாத்தினது. இப்ப கரண்ட் வந்திட்டுது, போம்."

"அப்ப காவலுக்கு யானை கலைக்கிற வெடி கொண்டுபோகத் தேவையில்லை என்ன?"

"தேவையில்லை."

புதன்கிழமை விடிய, காவல் கொட்டில் இருந்த இடத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். கொட்டில் அவனுக்குக் கீழே இருந்தது.

செத்த வீட்டில் அவன் மனைவி கீர்த்தனி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணை, கரண்ட் இருக்கெண்டு நீங்கள் சொன்னபடியாத்தானே வெடியை வீட்டில வைச்சிட்டுப் போனவர்?"

"ஓம் பிள்ளை. யானைக்கு அது விளங்கேல்லையே."

நாற்பது நிமிடம் இரங்கலுரை செய்தேன். அவளுடைய மரண நட்டஈட்டுப் படிவத்தையும் நானே நிரப்பினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. காசோலையை மேடை போட்டுக் கையளித்தேன். அவள் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று பேப்பரில் போட்டார்கள். திருத்தச் சொல்லவில்லை, படத்தில் நான் நன்றாக விழுந்திருந்தேன்.

ஓம் ஐயா, மின்சாரத்தை நிறுத்தியது நான். பொய் சொன்னதும் நான். சசிகரன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவனைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் சரி. என் வயலில் நீங்கள் படம் பிடித்த வட்டத் தடங்கள், அடுத்த நாள் நான் உரலைப் புரட்டிக் குத்தியவை.

யானை வந்த இடத்தில் உரல் எதற்கு என்று கேட்கிறீர்கள். யானை சசிகரனின் கதிரை முழுக்கத் தின்றது. பிறகு என் வரம்புவரை வந்தது. மோந்து பார்த்தது. விட்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.