வெர்லீனோட பெரியம்மா பொண்ணு

இல்லல்ல, எந்திரிக்காதீங்க பிரதர். கோவம் உங்க மேல இல்ல. உக்காருங்க. சர்ச்சுல டீக்கனா பொறுப்புல இருக்கறவரு, சூட்டு போட்டு, கேக்கு வாங்கிட்டு, மரியாதையா பொண்ணு கேட்டு வந்திருக்கீங்க. வெர்லீனுக்கு அப்பா அம்மா இல்ல, பெரியம்மா பொண்ணு நாந்தானே மூத்தவ, என்கிட்ட கேக்கறதுதான் முறைன்னு நெனச்சீங்க. சர்ச்சு முன் வரிசைத் தொப்பிக்கார அம்மாமாருங்க இங்க தள்ளிவிட்டாங்களா? தெரியும். அவங்களுக்கு வேற என்ன வேலை.

காலையிலருந்தே எனக்கு வயிறு எரியுது பிரதர். ஹோட்டல்ல இத்தன வருஷமா அடுப்புல வேகறேன். பெரிய செஃப் வேலை யாருக்குன்னு இன்னைக்குச் சொன்னாங்க. போன வருஷம் வந்த வெள்ளைக்காரனுக்கு. அவனுக்கு ஒழுங்கா வெங்காயம் வதக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். ஏன் எனக்கு இல்லன்னு கேட்டேன். ரோஸெட்டா, உனக்குக் கோவம் ஜாஸ்தி, அப்படிங்கறான் மேனேஜர். தட்டத் தூக்கி அடிச்சேனா? யாரையாவது திட்டுனேனா? கறுப்பச்சி வாயத் தொறந்து கேள்வி கேட்டாலே அவனுங்களுக்கு அது கோவம். சரி, இப்ப நெசமாவே வந்துருச்சு.

சொல்றேன், இருங்க. உங்க விஷயத்துக்குத்தான் வர்றேன். பாஸ்டர் என்ன சொன்னாரு? பாட்டுக் குழுப் பொறுப்பு மொத்தமும் வெர்லீனுக்குக் குடுக்கலாம், ஆனா கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு எப்படிக் குடுக்கறதுன்னுதானே? அதான் நீங்க நல்ல மனசோட முன்வந்தீங்களாக்கும். அவ தொண்டைய வச்சுத்தான் உங்க சர்ச்சே நடக்குது. இந்த மெம்பிஸ் ஊர்ல எந்த மூலையிலருந்தெல்லாமோ அவ பாட்டக் கேக்க வர்றாங்க. அவ பாடுனா அழுவீங்க, கை தட்டுவீங்க. பாடி முடிச்சு யார் கூட வீட்டுக்குப் போறான்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டீங்க. கேட்டா பதில் தெரிஞ்சுருமே.

என்ன முழிக்கறீங்க? திரும்பிப் பாருங்க, நானும் அவளும் இருக்கற இந்த வீட்டுல படுக்கற ரூம் ஒண்ணுதான்.

ஆமா பிரதர். நான் அவளுக்குப் பெரியம்மா பொண்ணும் இல்ல, சித்தி பொண்ணும் இல்ல. மொத மொதல்ல சர்ச்சு வாசல்ல யாரோ கேட்டப்ப, பயத்துல அவ வாயில அப்படி வந்துச்சு. அவ பாட்டு போயிரக் கூடாதுன்னு நானும் விட்டுட்டேன். நாங்க கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாத்தி, ஆறு வருஷமாச்சு. ஞாயித்துக்கெழம மட்டும் அவ மோதிரம் சமையக்கட்டு ஜன்னல்ல கெடக்கும். அதப் பாத்துக்கிட்டேதான் நான் பாத்திரம் கழுவுவேன்.

உக்காருங்கன்னேன்ல. கார் சத்தம் கேக்குது, அவதான். வரட்டும். என்கிட்ட கேட்டத அவகிட்டயே கேளுங்க. உங்க முன்னாடி அவ என்னை யாருன்னு சொல்றான்னு எனக்கும் தெரியணும்.