வாசலில் சொருகும் வேப்பிலை

சூளூர்பேட்டையில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்கான வரிசையில் நடந்தது இது.

1. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள், துப்பட்டாவைக் கழுத்து மூடச் சுற்றியிருந்தாள்.
2. மூத்தவள் அதை விலக்கிப் பார்த்தாள். கழுத்தெல்லாம் நீர்க்கொப்புளங்கள்.
3. "வாசல்ல மட்டும் வேப்பிலை சொருகிடாதடி" என்றாள்.

"அம்மை இல்லக்கா. சந்தையில மலிவா வாங்கினோமே பழைய போர்வை, அதுல மூட்டப்பூச்சி கீது."

"ரெண்டு பேரும் அதத்தான போத்திகினு தூங்குறோம்? உன் கழுத்து மட்டும் அதுக்கு இனிக்குதா?"

"ஒருவேள அம்மையாவே இருந்து, இலை சொருகலன்னா ஆத்தா கோச்சிக்குமேக்கா."

"சொருகினா ஓனரம்மா இன்னிக்கே ரூம காலி பண்ணச் சொல்லும். கீழ அவங்க வூட்டுல கைக்கொழந்த கீது."

அதைச் சொன்னபின் மூத்தவள் துப்பட்டாவை அவள் கழுத்தில் மறுபடி சுற்றிவிட்டாள். பஸ் வந்துவிட்டது.

"நீ ஏறாத. ரூமுக்குப் போ. இலைய வாசல்லயே சொருகு. பச்சக்கொழந்த கீற வூடு."

"காலி பண்ணச் சொன்னா?"

"பாத்துக்கலாம். சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன், போ."

இளையவள் திரும்பி நடந்தாள். மூத்தவள் ஏறினாள். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், யார்மீதும் படாமல் கதவோரமாகவே நின்று வந்தாள். அந்த ரூம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.