பலகைய மாத்திருங்க டாக்டரே

இல்லீங்க டாக்டரே, இந்தக் கைக்காக வரலீங்க. கண்ணு டாக்டர்கிட்ட வந்து கைக்கட்டக் காமிக்கற அளவுக்கு எனக்குக் கிறுக்குப் புடிக்கலீங்க. இது குளிக்கற எடத்துல வழுக்கி விழுந்தது. எலும்புல கீறலாம், நாலு வாரம் கட்டு இருக்கோணுமாம். அத உடுங்க.

கண்ணாடி மாத்தோணும்னு சொல்லித்தான் சீட்டு வாங்கினேன். அதுக்கும் வரலீங்க. அந்தக் கதவக் கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா?

நா ரம்லாங்க. கஞ்சிக்கோட்டுல சாக்குக்கடை சைனுதீன் ஊட்டுக்காரி. நீங்க அப்பச்சன்னு கூப்புடற உங்க அப்பா இந்த நாற்காலில இருந்த காலத்துல இருந்து எங்க எல்லாருக்கும் இங்கதான் வைத்தியம். நீங்க யூனிபாரம் போட்டுக்கிட்டு அந்த ஜன்னல் ஓரமா உக்காந்து படிப்பீங்க, பாத்திருக்கேன். ஜோமோள், சத்தமாப் படி, சத்தமாப் படின்னு அப்பச்சன் அதட்டிக்கிட்டே இருப்பாரு. ஆமாங்க, அதே ஜன்னல்தான். கண்ணு டெஸ்ட்டு நம்பர்ப் பலகையும் அதேதான் தொங்குது. அதப் பத்தித்தான் பேச வந்தேன்.

வர்ற திங்கக்கிழமை எங்கூட்டுக்காரரு உங்ககிட்ட வருவாருங்க. லைசென்சு புதுக்கறதுக்குக் கண்ணு சர்ட்டிபிகேட்டு வேணும். எழுபத்தொண்ணு முடிஞ்சுது. புதுச் சட்டை தேச்சு ஆணில மாட்டி வெச்சிருக்காரு, கல்யாணத்துக்குப் போறாப்புல.

அவரு கண்ணா? கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆசுபத்திரில காமிச்சோமுங்க. புரை இல்லியாம், ஆப்பரேசன்ல தீராதாம். நேராப் பாத்தா நடுவுல ஒரு கறை மாதிரி நிக்குதாம், ஓரத்துல மட்டும் தெரியுமாம். கோழி பாக்கற மாதிரி தலையச் சாச்சுத்தான் என்னையப் பாப்பாரு. போன பார்வை வராது, இருக்கறதக் காப்பாத்திக்குங்கன்னாங்க. அந்தச் சீட்ட மடிச்சு எங்கியோ வெச்சுட்டாரு. மகங்கிட்டக் கூடச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு.

ஓட்டறாருங்க. அதத்தானே சொல்ல வர்றேன். ஓம்னி வண்டி. கடைய இப்ப எங்க பையன் கலீல் பாத்துக்கறான். கடைய உட்ட பொறகு ஆறு மாசம் இந்த மனுசன் செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. பேசினா உம், ம்ஹூம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, நடக்க முடியாத ரெண்டு மூணு பேர வண்டில ஏத்திக்கிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனாரு. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ரெண்டு பேரு. இப்ப எங்க தெருவுல வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே வயசானவங்க தொப்பியப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க. முன்சீட்டுக்கு அவங்களுக்குள்ள சண்டை வேற. சைனுதீன் வண்டி வந்தாச்சான்னு ஒருத்தருக்கொருத்தர் கேக்கறதக் கேட்டாப் போதும், அந்த வாரம் பூரா நல்லாச் சாப்புடுவாரு.

அதே ஆளுகளத்தான் வெச்சு ஓட்டறாருங்க. ஆமா. எனக்கும் அதேதான் பயமுங்க.

சொல்லாமயா இருப்பேன்? சொன்னேன். ரோடு எனக்கு மனப்பாடம்டீங்கறாரு. அதுவும் பொய்யில்லீங்க. ஊட்ல இருந்து பள்ளிவாசலுக்கு எத்தன மேடு, எந்தக் கம்பம் தாண்டித் திரும்போணும், எல்லாம் சொல்லுவாரு. போன வருசம் அவரு தடுமாறறதப் பாத்துட்டுக் கலீலு சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சான். ரெண்டு நாளு இவரு சோறு தொடலீங்க. மூணாம் நாளு அவனே கொண்டாந்து தலமாட்டுல வெச்சுட்டான். எங்க பேச்செல்லாம் எடுபடாது. ஆனா ஒண்ணு, கவர்மெண்டுப் பேப்பர்னா அவருக்குப் பயம். பெல்ட்டு போடாம வண்டிய நகத்த மாட்டாரு. பொகை சர்ட்டிபிகேட்டு ஒரு நாளு தாண்டிருச்சுன்னா வண்டிய வெளிய எடுக்க மாட்டாரு. லைசென்சு இல்லைன்னு ஆயிருச்சுன்னா அப்புறம் சாவிய யாரும் ஒளிக்க வேண்டியதில்லீங்க.

நீங்க டெஸ்ட்டு வெப்பீங்க, தெரியும். அந்த டெஸ்ட்டுதாங்க வெவகாரம். அவரு தேறிருவாரு.

எப்படின்னா... நா அந்தப் பலகைக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கறேன். நீங்க பாத்துக்கிட்டே வாங்க. மேல பெருசா நாலு. அதுக்குக் கீழ ஒம்பது, ரெண்டு. அப்புறம் அஞ்சு, மூணு, எட்டு. அதுக்கும் கீழ ரெண்டு, ஆறு, நாலு, ஒம்பது. கடைசி வரி ஏழு, ரெண்டு, நாலு, எட்டு, மூணு.

சரியா இருக்குதுங்களா?

எனக்கே இப்படின்னா அவருக்குப் பாத்துக்குங்க. எடங்கண்ண மூடச் சொன்னாலும் ஒண்ணுதான், வலங்கண்ண மூடச் சொன்னாலும் ஒண்ணுதான். ரெண்டையும் மூடிக்கிட்டே சொல்லுவாரு.

நாந்தாங்க சொல்லிக் குடுத்தேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி, அப்பச்சன் இருந்தப்ப. அப்பவே கறை வந்துருச்சு, ஆனா இவ்வளவு மோசமில்ல. லைசென்சு போயிருமோன்னு ராவும் பகலும் பொலம்பினாரு. செவுத்தப் பாத்து உக்காந்த அந்த ஆறு மாசம் எனக்குக் கண்ணுக்குள்ளயே நின்னுது. கண்ணாடி மாத்தறேன்னு இங்க வந்து, பால் கார்டுக்குப் பின்னாடி எழுதிக்கிட்டுப் போனேன். கொழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கற மாதிரி ஒரு வாரம் சொல்லிக் குடுத்தேன். அப்பச்சன் தட்டிக் குடுத்து, சைனுதீனே, இந்த வயசுல இப்படியொரு கண்ணான்னாரு. அன்னைக்கு ஊட்டுக்கு வர்ற வழியில எனக்குப் பலூடா வாங்கிக் குடுத்தாரு.

திட்டுங்க டாக்டரே. திட்டு வாங்கத்தான் வந்திருக்கேன். அப்பச்சன் நல்ல மனுசன், அவர ஏமாத்தினது நாந்தான்.

இப்பவும் தெனம் நடக்குதுங்க. காலைல சாயா குடிக்கறப்ப, ரம்லா, கேளும்பாரு. நா கேக்கோணும், அவரு சொல்லோணும். முந்தாநாளு எனக்கொரு யோசன வந்துது. நாமளே ஒண்ண மாத்திச் சொல்லிட்டா, திங்கக்கிழமை தப்பாச் சொல்லி மாட்டிக்குவாருல்ல? கடைசி வரி ஆறுல ஆரம்பிக்குதுன்னேன். சாயாக் கிளாசக் கீழ வெச்சுட்டாரு. ஏழுடீ, உனக்கு வயசாயிருச்சு, மறதி வருதுன்னு சிரிக்கறாரு.

அதனாலதான் சொல்றேன். பலகைய மாத்திருங்க. திங்கக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் வேற ஒண்ண மாட்டுங்க, போதும். நீங்க பொய் சொல்ல வேண்டியதில்லீங்க. தெரிஞ்சா எழுதிக் குடுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. எம் பேரு மட்டும் வரக்கூடாது.

அவரு முகமா? அத நெனச்சுத்தான் ஒரு வாரமா வரலாமா வேண்டாமான்னு இருந்தேன். புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு இந்த நாற்காலில உக்காந்து, நாலு, ஒம்பது, ரெண்டுன்னு ஆரம்பிப்பாரு. நீங்க இல்லீங்கன்னு சொல்லுவீங்க. அவரு திரும்பி என்னையத்தான் பாப்பாரு, தலையச் சாச்சுக்கிட்டு. நா எங்க பாக்கறது?

ஏன் இப்பன்னா... அஞ்சு வருசம் கம்முனு இருந்துட்டு இப்ப எதுக்குன்னு நீங்க கேக்கறது நாயந்தான்.

இந்தக் கை குளிக்கற எடத்துல விழுந்ததில்லீங்க.

வெள்ளிக்கிழமை அவரு ஜும்மா முடிச்சு வர்ற நேரத்துக்கு நா ஊட்டு கேட்டுப் பக்கத்துல நிப்பேன், தெறந்து உடறதுக்கு. எப்பவும் அந்த எடந்தான். போன வெள்ளிக்கிழமை தயிர் இல்லைன்னு எதுத்தாப்புல குப்பண்ணன் கடைக்குப் போயிட்டேன். வாங்கிக்கிட்டு ரோட்டோரமா நிக்கறேன், எல்லாரையும் எறக்கி உட்டுட்டு வண்டி வருது. கையத் தூக்கிக் காமிச்சேன். நேரா என்னையப் பாத்துக்கிட்டேதான் வந்தாருங்க. நா அங்க நிப்பேங்கறது அவரோட மனப்பாடத்துல இல்லியே. சைடுக் கண்ணாடி கையில அடிச்சுது. அவரு நிறுத்தல. கேட்டு முன்னாடி போயி ஹார்ன் அடிச்சு, ரம்லா, கேட்டத் தெறன்னு கூப்புடறாரு.

குப்பண்ணன் பாத்துட்டாரு. கத்தப் போனவரு வாயப் பொத்தினேன். அவரு யாருகிட்டயும் சொல்லக் கூடாது, நா இதுக்கொரு வழி பண்ணோணும்னு, எங்க அல்லா மேல அவரையும், அவரு மாரியம்மன் மேல என்னையும் சத்தியம் பண்ண வெச்சுக்கிட்டோம். போயி ஒத்தக் கையில கேட்டத் தெறந்து உட்டேன். பொறகு உள்ள போயி, குளிக்கற எடத்துல சொம்ப ஒரு தட்டுத் தட்டிட்டு உக்காந்துட்டேன்.

இல்லீங்க, சொல்ல முடியாது. தெரிஞ்சா அந்த மனுசன் அப்படியே உக்காந்துருவாரு. அப்புறம் லைசென்சு என்ன, எந்திரிக்கவே மாட்டாரு.

அவருதான் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. வலிக்காம எனக்குப் பெல்ட்டு மாட்டி உட்டு, ஒவ்வொரு மேட்டுலயும் நின்னு நின்னு, பூ மாதிரி ஓட்டிக்கிட்டுப் போனாரு. வழி நெடுகத் திட்டு. பாத்து நடக்கத் தெரியாதா, கண்ண எங்கடீ வெச்சிருந்தேன்னு.

தப்பு எம்மேலதான்னேன்.

பஸ்ஸுல வரலீங்க. கை சரியில்லாம நீ எப்படிப் பஸ்ஸு ஏறுவேன்னு அவருதான் கொண்டாந்து உட்டாரு. கீழ வண்டில உக்காந்திருக்காரு. கேக்குதுங்களா, ஹார்ன் அடிக்கறாரு. நா எறங்கறேனுங்க. கண்ணாடிச் சீட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க, கேட்டாக் காமிக்கோணும்.