கடிதத்தில் இல்லாத நாடு

படியிறங்குகிறோம். ஐந்தாம் மாடி. நான்காம் மாடி. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு பத்து. லிஃப்டில் ஏறக் கூடாது. அது எனக்குத் தெரியும். எல்லா விதியும் எனக்குத் தெரியும்.

முதலில் வெளிச்சம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கட்டடத்தை யாரோ அடியிலிருந்து உதைத்தது போல ஒரு சத்தம். கண்ணாடிகள் உடைந்தது அதற்கும் பிறகு.

"கீழ போங்க! செவுத்தோட போங்க! நிக்காதீங்க!"

கத்துவது செல்வி. எனக்கு முன்னால் ஓடுவது அவளுடைய மகள் தர்ஷினி. எட்டு வயது. வெறுங்கால். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கண்ணாடித் துண்டுகள். பிள்ளை அதன் மேல் ஓடுகிறாள். என் கையில் நீலக் கோப்பு. சத்தம் கேட்டதும் நான் முதலில் எடுத்தது அதைத்தான். பிள்ளையின் சப்பாத்து கட்டிலுக்கடியில் இருந்தது. குனிந்தால் எட்டும். நான் குனியவில்லை.

இடம் பெய்ரூட். நான் கண்டிப் பக்கத்துக் குண்டசாலைக்காரி. முப்பத்துமூன்று வருடம் கண்டியில் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். என் மேசையைத் தாண்டிக் குறையுள்ள விண்ணப்பம் ஒன்றும் போனதில்லை. வரிசையில் நின்று அழுதவர்களையும் மறுநாள் வரச் சொன்னேன். ஓய்வு பெற்ற அன்று இதைப் பாராட்டித்தான் பேசினார்கள்.

செல்வி எங்கள் பக்கத்து வீடு. ஆறு வருடமாகப் பெய்ரூட்டில் வயதான ஒரு பெண்ணின் வீட்டில் வேலை. அவரை அவள் மேடம் என்பாள். புறப்பட்டுப் போகும்போது தர்ஷினிக்கு இரண்டு வயது. பிள்ளையை விடுமுறைக்குக் கூட்டிவரச் சொன்னது அந்த மேடம்தான். அப்போது குண்டு விழுந்தது நாட்டின் தெற்கில் மட்டும். நகரத்துக்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள். செல்வியின் கணவர் கணேசன் கண்டியில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். அவருக்குக் கடவுச்சீட்டும் இல்லை, லீவும் இல்லை.

"அக்கா, நீங்க கூட்டிட்டுப் போனாத்தான் சரி. ஆபீசர்மாரே ஒங்களக் கண்டா பயப்படுவாங்க," என்றார்.

அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறர் பிள்ளையோடு நாடு கடப்பது சின்ன வேலையல்ல. குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி நாவலப்பிட்டிக்குப் போனேன். பிள்ளை பிறந்தது அங்கே. பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுத்தேன். அதற்கு மொழிபெயர்ப்பு. சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி. தந்தையின் சம்மதக் கடிதம். மொத்தம் ஒன்பது ஆவணம். சம்மதக் கடிதத்தை நான்தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். யாரோடு, எந்த விமானத்தில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை. நாடு: லெபனான் மட்டும்.

"அந்த 'மட்டும்' எதுக்குக்கா?"

"ஒங்க புள்ளைட பாதுகாப்புக்கு."

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தர்ஷினிக்கும் பாடம் நடத்தினேன். அதிகாரி கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். என்னைப் பெரியம்மா என்று சொல்லக் கூடாது. நான் உறவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. பொய் சொன்னால் நம் இரண்டு பேரையும் பிடித்து வைப்பார்கள். பிள்ளை தலையாட்டினாள்.

போய் ஒன்பதாம் நாள் அந்தச் செவ்வாய்.

புதன்கிழமை. விடியும்போதே தலைக்கு மேல் ஒரு ட்ரோனின் ரீங்காரம். தையல் மெஷினை யாரோ நிறுத்தாமல் மிதிப்பது போல. எங்கள் விமானம் ரத்து. மேடத்தின் மகன் ஒரு வான் பிடித்திருக்கிறார். சிரிய எல்லைவரை. அங்கிருந்து விமானம். எங்களுக்கு இரண்டு இருக்கை. செல்விக்கு இல்லை. அவளுடைய கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரனிடம், அவன் கடை பூட்டிக்கிடக்கிறது. காலை ஏழு மணி. வான் வாசலில் உறுமுகிறது.

"ஏறுங்கக்கா! வான் நிக்காது!"

நான் ஏறவில்லை.

"கடிதத்துல சிரியா இல்ல செல்வி."

"குண்டு போடுறவன் கடிதமா பாக்குறான்?"

"எல்லையில பாப்பாங்க. புள்ளையக் கடத்துறேன்னு உள்ள போட்டுருவாங்க."

"நான் தாயி. நானே எழுதித் தாரேன்."

"அத்தாட்சி இல்லாம செல்லாது."

செல்வி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நீங்க செத்தாலும் மரணச் சான்றிதழ்ல பிழை பாத்துட்டுத்தான்க்கா போவீங்க."

வான் போய்விட்டது. அடுத்தது வியாழன் காலை என்றார்கள். ஒரு நாள்தானே என்று நான் சொன்னேன். அந்தச் சொற்கள் என்னுடையவை.

கடிதத்தை நான் சொன்னேன், அவள் எழுதினாள். பிள்ளையின் கடவுச்சீட்டு இலக்கத்தில் ஓர் எண் பிழை. வெட்டி எழுதக் கூடாது என்று முழுவதையும் மீண்டும் எழுதவைத்தேன். பத்து இருபதுக்குப் புறப்பட்டாள். அத்தாட்சிக் கையெழுத்துப் போட நான்கு தெரு தள்ளி ஒரு நொத்தாரிசு கதவைத் திறந்து வைத்திருப்பதாக மேடம் சொன்னார். செல்வி படியில் நின்று தர்ஷினியின் காலில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள். "ஆன்ட்டிக்கு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாரேன்," என்றாள்.

பத்து நாற்பத்தேழு. இந்த முறை வெளிச்சம் இல்லை. முதலில் தரை ஆடியது. மேசையில் தேநீர்க் கோப்பை தானாக ஒரு சாண் நகர்ந்தது. பிறகு சத்தம். பிறகு அந்தத் தையல் மெஷின் மட்டும், மேலே, விடாமல்.

நான் கணக்குப் பார்த்தேன். போக ஏழு நிமிடம். கையெழுத்துக்குப் பத்து. திரும்பி வரும் நேரம். கையெழுத்து முடிந்ததா, முடியவில்லையா? இன்றுவரை தெரியாது.

மேடத்தின் மகன் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கதவருகே நின்றார். இல்லை என்று தலையை அசைத்தார். மேடம் அரபியில் அழுதார். நான் தர்ஷினியிடம் சொன்னேன்: "அம்மா அடுத்த வான்ல வருவாங்க."

வியாழன் காலை ஆறு மணிக்கு வான். எல்லையில் பிற்பகல் ஒன்றரை. கார்களின் கூரையில் மெத்தைகள். சமையல் பாத்திரங்கள். ஒரு கூண்டில் கிளி. சாளரத்துக்குப் பின்னால் ஓர் அதிகாரி, முகத்தில் மூன்று நாள் தூக்கமின்மை. கடவுச்சீட்டுகளோடு ஒன்பது ஆவணங்களையும் வரிசைப்படி நீட்டினேன். அவர் இரண்டு கடவுச்சீட்டுகளை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினார். பிள்ளையின் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தார். என்னைக் காட்டி, "மதர்?" என்று அவளிடம் கேட்டார்.

"யெஸ்," என்றாள் தர்ஷினி. உடனே.

நான் திருத்தியிருக்க வேண்டும். அவளுக்கு நான் யாருமில்லை என்பதை நிரூபிக்க என் கையில் முழுக் கோப்பு இருந்தது. அதை மூடினேன். டக். டக். இரண்டு முத்திரை.

வானில் ஏறியதும் காதருகே கேட்டாள். "பிழையா ஆன்ட்டி? கேட்ட ஒடனே பதில் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரிதான்," என்றேன்.

கண்டிக்கு வந்தபின் அலுவலகங்களுக்கு ஒரு வாக்குமூலம் தேவைப்பட்டது. நான்தான் எழுதினேன். 'அத்தியாவசியத் தேவை ஒன்றுக்காக வெளியே சென்றிருந்த வேளை' என்று எழுதினேன். பிழையில்லாத வாக்கியம். கணேசன் வாசிக்காமலே ஒப்பமிட்டார். "நீங்க இல்லாட்டி என் புள்ளையும் போயிருக்கும்க்கா," என்றார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலிலிருந்து சுண்டலும் விபூதியும் கொண்டுவந்து தந்தார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். எத்தனை வெள்ளி என்று எண்ணியிருக்கிறேன். இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த அத்தியாவசியத் தேவை என்னுடையது. வாக்குமூலத்தில் விட்டதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைப் பிரிந்து வெளிநாடு போகிற தாய்மார் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்க என்னைப் போன்றவர்களும் இருக்கிறார்கள்.

இதன் முதல் பிரதியைக் கணேசனிடம் கொடுத்தேன். வாசல் கேற்றடியில் நின்றபடியே வாசித்தார். ஒருமுறை பின்பக்கம் திருப்பி, மீண்டும் முதலிலிருந்து வாசித்தார்.

"அந்த மொத வான் போய்ச் சேந்துச்சாக்கா?"

"சேந்துச்சு."

கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

இழந்தவை. செல்வி, முப்பத்துமூன்று வயது. அவள் இரண்டாம் முறை எழுதிய கடிதம், ஒரு பக்கம், பிழையில்லாதது. கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி. தர்ஷினியின் கால்களிலிருந்து எடுத்த கண்ணாடித் துண்டுகள் பதினொன்று. அவள் வாயில் என் பெயராக இருந்த ஆன்ட்டி என்ற சொல். இப்போது அவள் என்னை எதுவும் கூப்பிடுவதில்லை. ஒன்பது ஆவணங்களும் பத்திரமாக இருக்கின்றன. திரும்பி வந்த வழியில் ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை வானில் போனவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு இருக்கை காலியாகப் போனது.